குறிப்பறியும் நிரல்கள்

நுழையும்முன்

ஒருவர் வாய்திறந்து சொல்லாததையும் அவர்தம் குறிப்பால் உணர்ந்து நடப்பதைத் தமிழர் ஓர் உயர்ந்த ஆற்றலாகக் கருதினர். திருக்குறளில் குறிப்பறிதல் என்னும் பெயரில் இரண்டு அதிகாரங்கள் இடம்பெற்றிருப்பதே இதற்குச் சான்று. பொருட்பாலில் ஒன்றும் காமத்துப்பாலில் ஒன்றுமாக அவை அமைந்துள்ளன. இன்று நம் பணிகள் பலவற்றைக் கணினி நிரல்கள் செய்கின்றன. 'நிறுத்து', 'காத்திரு', 'மீண்டும் தொடங்கு' என அவற்றுக்கும் குறிப்புகள் வருகின்றன. குறிப்பு எந்த நொடியில் வரும் என்பது நிரலுக்குத் தெரியாது. வந்த குறிப்பை உணர்ந்து, கையிலுள்ள பணியைச் சிதைக்காமல் முடிக்கும் நிரலே நம்பத்தகுந்த நிரல். அத்தகைய நிரல் எவ்வாறு அமைகிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

சைகை என்பது யாது?

கணினியின் வன்பொருளுக்கும் நாம் பயன்படுத்தும் நிரல்களுக்கும் இடையே நின்று இரண்டையும் இணைப்பது இயக்க அமைப்பு. ஒரு கணினியில் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான நிரல்கள் இயங்கக்கூடும். அவற்றுள் ஒன்றுக்கு அவசரச் செய்தி ஒன்றைத் தெரிவிக்க வேண்டிய நிலை ஏற்படும்போது, இயக்க அமைப்பு அதற்குச் சைகை ஒன்றை அனுப்புகிறது. இச்சைகை அடிப்படையில் ஓர் எண்ணே. நீண்ட விளக்கம் எதுவும் அதில் இராது. லினக்ஸ் இயக்க அமைப்பில் 1 முதல் 31 வரை எண்ணிடப்பட்ட அடிப்படைச் சைகைகள் உள்ளன. ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு பெயரும் ஒரு பொருளும் உண்டு.

முனையத்தில் ஒரு நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது கன்ட்ரோல் விசையையும் 'சி' விசையையும் சேர்த்து அழுத்தினால், அந்நிரலுக்கு 2 ஆம் எண் சைகை செல்கிறது. இதன் பெயர் சிக்-இன்ட். பயன்படுத்துபவர் நிரலை இடைமறிக்க விரும்புகிறார் என்பது இதன் பொருள். 15 ஆம் எண் சைகையின் பெயர் சிக்-டெர்ம். 'பணியை முடித்துக்கொண்டு வெளியேறுக' என்னும் முறையான வேண்டுகோள் இது. 9 ஆம் எண் சைகையான சிக்-கில், வேண்டுகோள் அன்று. அது வந்ததும் இயக்க அமைப்பே நிரலை அந்த நொடியில் முடித்துவிடும்.

தொலைபேசிக் கம்பியில் பிறந்த சைகை

1969 ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் யுனிக்ஸ் இயக்க அமைப்பை உருவாக்கத் தொடங்கினர். அக்காலத்தில் கணினி ஓரிடத்திலும் அதனைப் பயன்படுத்துவோர் வேறோரிடத்திலும் இருப்பர். பயனரின் முனையம் தொலைபேசிக் கம்பி வழியாகக் கணினியோடு இணைந்திருக்கும். பயனர் தொலைபேசியை வைத்துவிட்டாலோ, இணைப்பு அறுந்துபோனாலோ, அவருக்காக ஓடிக்கொண்டிருந்த நிரல் கேட்பாரின்றி நின்றுவிடும். அதனை நிரலுக்கு அறிவிக்கவே 1 ஆம் எண் சைகை பயன்பட்டது. இதனைச் சிக்-ஹப் என்பர். 'தொலைபேசி வைக்கப்பட்டுவிட்டது' என்பது இப்பெயரின் பொருள்.

தொலைபேசிக் கம்பியின் காலம் கடந்துவிட்டது, சைகை நிலைத்துவிட்டது. இன்று முனையமே இல்லாமல் பின்னணியில் ஓடும் சேவை நிரல்கள் பல, சிக்-ஹப் சைகையை 'உன் அமைப்புக் கோப்பை மீண்டும் ஒருமுறை படித்துக்கொள்' என்னும் பொருளில் எடுத்துக்கொள்கின்றன. பழைய சொல் புதிய பொருளை ஏற்று வாழ்வது மொழிக்கு மட்டும் உரிய இயல்பன்று என்பதை இதனால் அறியலாம்.

நிரலின் மூன்று வழிகள்

சைகை வரும்போது நிரலுக்கு மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, இயக்க அமைப்பு வகுத்துள்ள இயல்பான விளைவை ஏற்பது. பெரும்பாலான சைகைகளுக்கு இவ்விளைவு நிரல் முடிந்துபோவதே. இரண்டாவது, சைகையைப் புறக்கணிப்பது. மூன்றாவது, சைகை வந்தால் இன்னது செய்ய வேண்டும் எனத் தானே ஒரு செயற்கூற்றை எழுதி வைத்துக்கொள்வது. இச்செயற்கூறு சைகைக் கையாளி எனப்படும்.

இரண்டு சைகைகளுக்கு மட்டும் இவ்வுரிமை இல்லை. ஒன்று, நிரலை உடனே முடிக்கும் சிக்-கில். மற்றொன்று, நிரலை அப்படியே உறையவைக்கும் சிக்-ஸ்டாப். எந்த நிரலும் இவற்றைத் தடுக்கவோ கையாளவோ இயலாது. கட்டுக்கடங்காமல் போன நிரலை நிறுத்துவதற்கு ஒரு வழி எப்போதும் இருக்க வேண்டும் என்பதே இவ்விதிவிலக்கின் காரணம்.

தெரிந்து தெளிவோம்

சைகை அனுப்பும் கட்டளையின் பெயர் 'கில்'. கொல்லுதல் என்பது இதன் நேர்ப்பொருள். ஆயினும் எண் எதனையும் குறிப்பிடாமல் இக்கட்டளையை இட்டால் செல்வது, கொல்லும் 9 ஆம் எண் சைகையன்று. வேண்டுகோளாகிய 15 ஆம் எண் சைகையே. கட்டளையின் பெயர் கடுமையானது. அதன் இயல்பான செயல் கனிவானது.

காத்திராமல் இயங்கும் நிரல்

காலை வேளையில் கூட்டம் மிகுந்த ஒரு தேநீர்க் கடையை எண்ணிப் பாருங்கள். தேநீர் ஆற்றுபவர் ஒருவரே. பால் கொதிக்கும்வரை அடுப்பையே பார்த்துக்கொண்டு அவர் நிற்பதில்லை. பால் சூடேறும் நேரத்தில் ஒருவருக்கு டிகாக்ஷனை வடிகட்டுகிறார். மற்றொருவருக்குச் சில்லறை கொடுக்கிறார். மூன்றாமவர் கேட்பதைக் காதில் வாங்கிக்கொள்கிறார். பால் பொங்கும் ஓசை கேட்டதும் அடுப்பை நோக்கித் திரும்புகிறார். ஆள் ஒருவரே, எனினும் பத்துப் பேருடைய வேலை அவரிடம் ஒரே நேரத்தில் நடந்துகொண்டிருக்கிறது.

ஒத்திசைவற்ற நிரல் என்பது இவ்வாறு இயங்கும் நிரலே. வலைத்தளத்தைப் பரிமாறும் வழங்கிக் கணினியில் ஒரு பயனரின் கோரிக்கைக்குத் தரவுத்தளத்திலிருந்து விடை வரச் சிறிது நேரம் ஆகும். அந்நேரத்தை வீணாக்காமல், நிரல் அடுத்த பயனரின் கோரிக்கையை எடுத்துக்கொள்கிறது. எந்தக் கோரிக்கைக்கு விடை வந்துவிட்டது, எந்த இணைப்பில் புதிய செய்தி காத்திருக்கிறது என்பதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துப் பணிகளை எழுப்பிவிடும் பகுதி நிகழ்வுச் சுழல் எனப்படும். எந்த நிகழ்வும் இல்லாதபோது சுழல் உறங்குகிறது. ஏதேனும் ஒரு நிகழ்வு வந்ததும் இயக்க அமைப்பு அதனை எழுப்புகிறது. நோட் ஜேஎஸ் இம்முறையிலேயே இயங்குகிறது. பைத்தான் மொழியில் 2014 ஆம் ஆண்டு வெளிவந்த 3.4 பதிப்பு முதல் அசின்க்ஐஓ என்னும் நூலகம் இவ்வசதியைத் தருகிறது.

இடையில் வரும் குறுக்கீடு

இனி, சிக்கலைக் காண்போம். சைகைக்கு முறை, வரிசை என்பன இல்லை. நிரலின் எந்த இரு கட்டளைகளுக்கு இடையிலும் அது வரலாம். வந்ததும் இயக்க அமைப்பு, நிரலை அது நின்ற இடத்திலேயே நிறுத்தி வைத்துவிட்டுச் சைகைக் கையாளியை ஓடச் செய்கிறது. கையாளி முடிந்த பின்னரே நிரல் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

தேநீர் ஆற்றுபவர் இரு கைகளிலும் குவளை ஏந்தி உயர்த்தி ஆற்றிக்கொண்டிருக்கும் நொடியில், ஒருவர் அவர் கையைப் பிடித்து இழுத்தால் என்னவாகும்? சொல்ல வந்த செய்தி எவ்வளவு சிறியதாயினும் தேநீர் சிந்திவிடும். நிரலிலும் இதுவே நிகழ்கிறது. ஒரு நிரல் நினைவகத்தில் இடம் கேட்டுப் பெறும்போது, இட ஒதுக்கீட்டுப் பதிவேட்டை வேறெவரும் தொடாதபடி ஒரு பூட்டைப் போட்டுக்கொள்கிறது. அந்த நேரம் பார்த்துச் சைகை வருகிறது என்க. கையாளியும் நினைவகத்தில் இடம் கேட்கிறது. பூட்டுத் திறக்கட்டும் எனக் கையாளி காத்திருக்கிறது. பூட்டைத் திறக்க வேண்டிய நிரலோ, கையாளி முடியட்டும் என நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. இரண்டும் ஒன்றுக்காக ஒன்று என்றென்றும் காத்திருக்கும். இதனை முட்டுநிலை என்பர்.

இக்காரணத்தால், கையாளியினுள் எந்தச் செயற்கூறுகளை அழைக்கலாம் என்பதற்குப் போசிக்ஸ் என்னும் பொதுத்தரம் ஒரு பட்டியலை வகுத்துள்ளது. சி மொழியில் திரையில் ஒரு வரி அச்சிடப் பயன்படும் 'பிரின்ட்எஃப்' என்னும் எளிய செயற்கூறுகூட அப்பட்டியலில் இல்லை. கோப்பில் எழுதும் 'ரைட்' என்னும் அடிப்படை அழைப்பு அதில் உண்டு.

அடையாளக்கொடி மட்டும் போதுமா?

கையாளி அதிகம் செய்யக்கூடாது என்றால், ஒரு மாறியை மட்டும் மாற்றிவிட்டுத் திரும்பலாமே என்று தோன்றும். 'நிறுத்தச் சொன்னார்கள்' என்னும் அடையாளக்கொடியைக் கையாளி உயர்த்தும். நிகழ்வுச் சுழல் ஒவ்வொரு சுற்றிலும் அக்கொடியைப் பார்த்து முடிவெடுக்கும். எளிய வழிதான். ஆனால், ஒத்திசைவற்ற நிரலில் இதற்குள் ஒரு நுட்பமான குறை ஒளிந்திருக்கிறது.

சுழல் செய்யும் இரண்டு செயல்களை வரிசையாக எண்ணிப் பாருங்கள். முதலில் அது கொடியைப் பார்க்கிறது, கொடி உயரவில்லை. அடுத்து, நிகழ்வு வரும்வரை உறங்கச் செல்கிறது. இவ்விரண்டு செயல்களுக்கும் இடைப்பட்ட சிறு நேரத்தில் சைகை வந்தால், கையாளி கொடியை உயர்த்திவிட்டுத் திரும்பிவிடும். நிரலோ கொடியை முன்பே பார்த்துவிட்டதாகக் கருதி உறங்கிவிடும். வேறேதேனும் நிகழ்வு வந்து எழுப்பும்வரை அது கொடியைப் பார்க்கப்போவதில்லை. பயனர் எவரும் வராத நள்ளிரவாக இருந்தால், நிறுத்தச் சொன்ன பின்னும் நிரல் நெடுநேரம் நிற்காமலேயே இருக்கும். ஆயிரம் முறை சோதித்தாலும் வெளிப்படாமல், ஆயிரத்தோராவது முறை வெளிப்படக்கூடிய பிழை இது. எனவேதான், சோதித்துப் பார்த்தால் மட்டும் போதாது. எண்ணிப் பார்க்கவும் வேண்டும்.

சீட்டு வைக்கும் முறை

தேநீர்க் கடைக்கே திரும்புவோம். கையைப் பிடித்து இழுப்பதற்கு மாறாக, 'கடையை அடைக்க வேண்டும்' என எழுதிய சீட்டை மேசைமேல் வைத்துவிட்டுப் போனால் போதும். ஆற்றிக்கொண்டிருக்கும் தேநீரைக் கொடுத்து முடித்துவிட்டு மேசையை நோக்கும்போது, அவர் மற்றக் கோரிக்கைகளோடு சீட்டையும் காண்பார். எதுவும் சிந்தாது, செய்தியும் தவறாது.

நிரலாளர்கள் கண்ட தீர்வும் இதுவே. நிரல் தொடங்கும்போதே தனக்குத்தானே ஒரு குழாயை அமைத்துக்கொள்கிறது. ஒரு முனையில் எழுதினால் மறுமுனையில் படிக்கலாம். படிக்கும் முனையை, மற்ற இணைப்புகளோடு சேர்த்து நிகழ்வுச் சுழல் கவனித்துக்கொண்டிருக்கும். சைகை வந்ததும் கையாளி செய்வது ஒன்றே: எழுதும் முனையில் ஒரு பைட்டை எழுதிவிட்டுத் திரும்புகிறது. சுழல் உறங்கிக்கொண்டிருந்தால் அந்தப் பைட்டு அதனை எழுப்பும். சுழல் உறங்கப்போகும் தறுவாயில் சைகை வந்திருந்தாலும், குழாயில் ஏற்கெனவே பைட்டு காத்திருப்பதால் உறக்கம் உடனே கலையும். முன்பு கண்ட குறை நீங்கிவிடுகிறது. சைகை என்னும் திடீர்க் குறுக்கீடு, வரிசையில் வரும் ஒரு சாதாரண நிகழ்வாக மாறிவிடுகிறது. இதனைத் தற்குழாய் உத்தி எனலாம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. குழாய் நிரம்பிவிட்டால் கையாளி எழுதுவதற்காகக் காத்து நிற்கக்கூடாது. ஆகவே, இடமில்லையெனில் உடனே திரும்பிவிடுமாறு எழுதும் முனையை அமைப்பர். எழுப்புவதற்கு ஒரு பைட்டே போதும் என்பதால் இதனால் சுழல் விழிப்பது தடைப்படாது.

பைத்தான் மொழியின் அசின்க்ஐஓ நூலகத்தில், சைகைக்குரிய செயற்கூற்றை நிகழ்வுச் சுழலிடம் பதிவுசெய்யும் வசதி யுனிக்ஸ் வகை இயக்க அமைப்புகளில் உண்டு. அதன் அடியில் இயங்குவது இத்தகைய எழுப்பும் முறையே. நோட் ஜேஎஸ் பயன்படுத்தும் லிப்யூவி நூலகமும் குழாயையே பயன்படுத்துகிறது. லினக்ஸ் இயக்க அமைப்பு 2007 ஆம் ஆண்டு முதல், சைகைகளைக் கோப்பைப் படிப்பதுபோலப் படிக்கும் 'சிக்னல்எஃப்டி' என்னும் வசதியையும் தருகிறது. கோ மொழியில் சைகைகள் வாய்க்கால் ஒன்றின் வழியே நிரலை வந்தடைகின்றன. பெயர்கள் வேறுபட்டாலும் கருத்து ஒன்றே: குறுக்கிடாதே, வரிசையில் வா.

இம்முறைக்கும் ஒரு விலை உண்டு. சுழல் சுற்றிக்கொண்டிருந்தால்தான் சீட்டைப் பார்க்கும். ஒரு பணி, பிறருக்கு இடம் கொடாமல் ஒரு நிமிடம் இடைவிடாது கணக்கிட்டுக்கொண்டிருந்தால், சைகையும் ஒரு நிமிடம் காத்திருக்கும். ஆதலால், ஒத்திசைவற்ற நிரலில் நீண்ட கணக்கீடுகளைத் தனி இழைக்கோ தனி நிரலுக்கோ ஒப்படைப்பது முறை.

எண்ணிக்கையை நம்பலாகாது

அடிப்படைச் சைகைகள் எண்ணிக்கையைக் காப்பதில்லை. ஒரு சைகை நிரலைச் சென்றடையுமுன் அதே சைகை மூன்று முறை வந்தாலும், 'வந்திருக்கிறது' என்னும் ஒரே குறிப்புதான் பதிவாகும். வீட்டு அழைப்புமணி ஒலித்தால் வாசலில் ஆள் வந்திருப்பது தெரியும். எத்தனை பேர் என்பது கதவைத் திறந்தால்தான் தெரியும்.

ஒரு நிரல் தோற்றுவித்த சேய்நிரல் முடிவுற்றால், தாய்நிரலுக்குச் சிக்-சைல்டு என்னும் சைகை வரும். ஒரு சைகைக்கு ஒரு சேய்நிரல்தான் முடிந்தது எனக் கொண்டால், ஒரே நேரத்தில் முடிந்த மற்றவை கணக்கில் வாராமல் எஞ்சிவிடும். எனவே, சைகை ஒன்று வந்ததும், முடிந்த சேய்நிரல் இனி இல்லை என்னும்வரை திரும்பத் திரும்பக் கேட்டறிவதே சரியான முறை.

முறையாக விடைபெறுதல்

இவ்வளவு நுட்பமும் எதற்காக? ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். கல்லூரிச் சேர்க்கைக்கான விண்ணப்பங்களை ஏற்கும் வழங்கி ஒன்று இயங்கிக்கொண்டிருக்கிறது. பாதுகாப்புத் திருத்தம் ஒன்றைச் சேர்ப்பதற்காக அதன் நிரலை நிறுத்தி மீண்டும் தொடங்க வேண்டியுள்ளது. அந்நேரத்தில் மாணவி ஒருவர் கட்டணம் செலுத்திவிட்டார். வங்கியிலிருந்து பணம் கழிந்துவிட்டது. 'கட்டணம் பெறப்பட்டது' என்னும் பதிவு இன்னும் எழுதப்படவில்லை. நிரல் அந்நொடியில் சட்டென நின்றால், பணமும் போய் விண்ணப்பமும் நிறைவுபெறாமல் அம்மாணவி தவிப்பார். சைகையைச் சரியாகக் கையாள்வது, முகமறியா அம்மாணவிக்கு நிரலாளர் ஆற்றும் கடமையாகும்.

நன்கு எழுதப்பட்ட நிரல் சிக்-டெர்ம் சைகை வந்ததும் நான்கு படிகளில் விடைபெறும். முதலில், புதிய கோரிக்கைகளை ஏற்பதை நிறுத்தும். இரண்டாவதாக, ஏற்கெனவே ஏற்றுக்கொண்ட கோரிக்கைகளை முடிக்கக் காலவரையறை ஒன்றைத் தரும். மூன்றாவதாக, அவ்வரையறைக்குள் முடியாத பணிகளைக் கைவிடுமாறு அறிவித்து, அவை தத்தம் கோப்புகளையும் இணைப்புகளையும் ஒழுங்குசெய்துகொள்ள இடமளிக்கும். நான்காவதாக, இடையகத்தில் தேங்கியுள்ள தரவுகளை வட்டில் எழுதிவிட்டு வெளியேறும்.

அசின்க்ஐஓ நூலகத்தில் ஒரு பணியைக் கைவிடச் சொன்னால், அப்பணி காத்திருக்கும் இடத்தில் கைவிடல் அறிவிப்பு ஒரு விதிவிலக்காக எழும். பணி தன் தூய்மைப் பணிகளை முடித்துக்கொண்டு அவ்விதிவிலக்கை மேலே செல்லவிட வேண்டும், விழுங்கிவிடக்கூடாது. எல்லாப் பிழைகளையும் பொதுவாகப் பிடிக்கும் நிரல்வரிகள் இவ்வறிவிப்பையும் தவறுதலாக விழுங்கிவிடுவது முன்பு நேர்ந்தது. ஆதலின், பைத்தான் 3.8 பதிப்பில் கைவிடல் அறிவிப்பைப் பொதுப்பிழைகளின் வகையிலிருந்து பிரித்துவிட்டனர். 2022 இல் வந்த 3.11 பதிப்பிலோ, நிகழ்வுச் சுழல் இயங்கும்போது கன்ட்ரோல்-சி அழுத்தினால் முதன்மைப் பணி கைவிடல் அறிவிப்பைப் பெற்று ஒழுங்காக முடிய வழிசெய்யப்பட்டது. பொறுமையிழந்து இரண்டாம் முறை அழுத்தினால், காத்திராமல் உடனே இடைமறிப்பு எழும். முதல் குறிப்பு வேண்டுகோள். இரண்டாம் குறிப்பு வலியுறுத்தல்.

காலக்கெடு

விடைபெறக் கிடைக்கும் நேரம் எல்லையற்றதன்று. டாக்கர் என்னும் கொள்கலன் மென்பொருளின் நிறுத்தற் கட்டளை, இயல்பாக முதலில் சிக்-டெர்ம் சைகையை அனுப்பி, லினக்ஸ் கொள்கலனுக்கு 10 நொடிகள் காத்திருக்கும். அதற்குள் நிரல் முடியாவிடில் சிக்-கில் சைகையை அனுப்பும். பல கணினிகளில் கொள்கலன்களை மேலாளும் குபர்நெட்டிஸ், இயல்பாக 30 நொடிகள் தருகிறது. இக்கெடுக்களைத் தேவைக்கேற்ப மாற்றியமைக்கலாம். நிரலாளர் தம் நிரலின் விடைபெறும் நேரத்தை இக்கெடுவுக்குள் அடங்குமாறு திட்டமிட வேண்டும். 30 நொடிகள் தரப்படும் இடத்தில் 40 நொடிகள் ஒழுங்குசெய்யும் நிரல், ஒழுங்கு செய்யாத நிரலைப் போன்றே பாதியில் வெட்டுப்படும்.

தெரிந்து தெளிவோம்

நிரல் எவ்வாறு முடிந்தது என்பதை அதன் முடிவெண் காட்டிவிடும். சைகையால் முடிந்த நிரலுக்கு, 128 உடன் சைகையின் எண்ணைக் கூட்டிவரும் எண்ணை முனையக் கட்டளைச் செயலிகள் காட்டுவது வழக்கம். 130 எனில் கன்ட்ரோல்-சி. 143 எனில் சிக்-டெர்ம். 137 எனில் சிக்-கில். வழங்கி நிரலின் பதிவேட்டில் 137 அடிக்கடி தென்பட்டால், அந்நிரல் தானாக விடைபெறாமல் வெட்டப்படுகிறது என ஐயுறலாம்.

இறுதியாக ஓர் உண்மை. சைகையை எவ்வளவு நன்றாகக் கையாண்டாலும், மின்சாரம் திடீரென நின்றால் எந்தச் சைகையும் வாராது. சிக்-கில் வந்தால் எந்தக் கையாளியும் ஓடாது. ஆகவே, இன்றியமையாத தரவுகளை எந்த நொடியில் நிரல் நின்றாலும் சிதையாதவாறு எழுத வேண்டும். புதிய தரவை ஒரு தற்காலிகக் கோப்பில் முழுமையாக எழுதி வட்டில் உறுதிசெய்த பின்னர், அதன் பெயரைப் பழைய கோப்பின் பெயராக மாற்றுவது இதற்கான வழிகளுள் ஒன்று. அவ்வாறு செய்தால், பழைய கோப்பு முழுமையாக இருக்கும் அல்லது புதிய கோப்பு முழுமையாக இருக்கும். பாதிக் கோப்பு இராது. சைகைக் கையாளுதல் நல்ல முடிவைத் தருகிறது; பாதுகாப்பாக எழுதுதல் கெட்ட முடிவிலும் தரவைக் காக்கிறது. ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது.

தொடங்குவதற்குத் திறமை போதும். ஏற்றுக்கொண்டதை முடித்துக்கொடுத்து விலகுவதற்குப் பொறுப்பும் வேண்டும். நாளை நீங்கள் எழுதப்போகும் நிரல்கள் குறிப்பை உணர்பவையாகவும், எவருடைய பணியையும் பாதியில் கைவிடாதவையாகவும் அமையட்டும்.

கலைச்சொற்களும் பொருளும்

சைகை – இயங்கும் நிரலுக்கு இயக்க அமைப்பு அனுப்பும் எண்வடிவச் செய்தி
சைகைக் கையாளி – சைகை வந்ததும் இயங்குமாறு எழுதப்பட்ட செயற்கூறு
ஒத்திசைவற்ற நிரல் – ஒன்றின் விடைக்காகக் காத்து நில்லாமல் பிறவற்றையும் கவனிக்கும் நிரல்
நிகழ்வுச் சுழல் – நிகழ்வுகளைக் கவனித்து உரிய பணிகளை எழுப்பும் பகுதி
முட்டுநிலை – இரண்டு பணிகள் ஒன்றுக்காக ஒன்று காத்து நகராமல் நிற்கும் நிலை
தற்குழாய் உத்தி – சைகையைக் குழாய்வழி நிகழ்வாக மாற்றும் முறை

கற்பவை கற்றபின்

1. ஆசிரியரின் துணையோடு, லினக்ஸ் உள்ள கணினியில் முனையத்தைத் திறந்து, 'ஸ்லீப்' கட்டளையை 100 நொடிகளுக்கு இயக்குங்கள். கன்ட்ரோல்-சி அழுத்தி நிறுத்திய பின் முடிவெண்ணைக் கேட்டறிந்து, காரணத்தை வகுப்பில் விளக்குங்கள்.
2. பேருந்து, மருத்துவமனை, வங்கி ஆகிய இடங்களில் பயன்படும் குறிப்புகளைத் தொகுத்து, அவற்றுள் வேண்டுகோள் எது, கட்டாயம் எது என வகைப்படுத்துக.
3. இப்பாடத்தின் கலைச்சொற்களுக்கு நிகராக நீங்கள் பொருத்தமெனக் கருதும் வேறு தமிழ்ச்சொற்களை உருவாக்கிக் கலந்துரையாடுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. எந்த நிரலாலும் தடுக்க இயலாத சைகை எது?
அ) சிக்-இன்ட் ஆ) சிக்-டெர்ம் இ) சிக்-கில் ஈ) சிக்-ஹப்

2. முடிவெண் 143 எனில், நிரலை முடித்த சைகையின் எண்
அ) 2 ஆ) 9 இ) 14 ஈ) 15

குறுவினா

1. சிக்-ஹப் சைகைக்கு அப்பெயர் வந்த காரணம் யாது?
2. 'எண்ணிக்கையை நம்பலாகாது' என்பதனை அழைப்புமணி உவமை கொண்டு விளக்குக.

சிறுவினா

1. சைகைக் கையாளியினுள் நினைவக இடம் கேட்பதால் முட்டுநிலை உண்டாவது எவ்வாறு?
2. அடையாளக்கொடி முறையின் குறையைத் தற்குழாய் உத்தி நீக்கும் வகையை எழுதுக.

நெடுவினா

'முறையாக விடைபெறுதலும் நிரலின் கடமையே' என்னும் கூற்றைப் பாடக்கருத்துகளின் துணைகொண்டு நிறுவுக.